கம்புக்கு அடியில் சட்டம் வைத்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பது வருடமாக உங்கள் நாளிதழைப் படிக்கிறேன். இதுவரை எழுதிய கடிதங்கள் இரண்டு. ஒன்று எங்கள் தெருக் குடிநீர்க் குழாய் பற்றி, இன்னொன்று குறுக்கெழுத்துப் போட்டியில் வந்த தவறு பற்றி. இது மூன்றாவது, பொறியியல் மாணவர்களுக்குச் சட்டப் பாடம் நடத்தும் விதம் பற்றி. கொஞ்சம் நீளம். இடமில்லை என்றால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியை மட்டும் வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் பேத்தி சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். செமஸ்டர் பரீட்சைக்குப் படிக்கப் போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மொட்டை மாடியில் நடந்துகொண்டே சத்தமாக மனப்பாடம் செய்தாள். “சட்டம் இரண்டு வகைப்படும். சர்வதேசச் சட்டம், உள்நாட்டுச் சட்டம். உள்நாட்டுச் சட்டம் இரண்டு வகைப்படும். பொதுச் சட்டம், தனியார் சட்டம். பொதுச் சட்டம் மூன்று வகைப்படும்...” பக்கத்தில் வடாம் காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி, “என்னடி, அசை சீர் தளையா?” என்று கேட்டாள்.

நான் கேட்டேன்: “ஏம்மா, நீ நிக்கிற சைட்ல சென்ட்ரிங் சரிஞ்சு ஒரு ஆள் செத்துப்போயிட்டா, இதுல எந்த வகை வரும்?”

நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். “அது சிலபஸ்ல இல்லையே தாத்தா.”

நோட்டில் இருந்தது எதுவும் தப்பில்லை. ஆனால் எனக்கு நடந்தது அந்த நோட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்ட எனக்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று. அதைத்தான் எழுதுகிறேன்.

1997, ஐப்பசி மாதம். நான் ஓர் அரசுத் துறையில் உதவிப் பொறியாளர். ஒரு சிறிய ஊரில் அரசுக் கட்டடம் ஒன்றின் வேலை. போர்ட்டிகோவுக்குக் கூரை போட வேண்டும். பதினான்கு அடி உயரம், கான்கிரீட் இறுகும்வரை தாங்கச் சவுக்குக் கம்பு முட்டு, அதாவது சென்ட்ரிங். அடிமண் புதிதாகக் கொட்டி நிரப்பியது, மழையில் ஊறிப்போயிருந்தது. முதல் நாள் மாலை போய்ப் பார்த்தேன். கம்புகள் வெறும் மண்ணில் நின்றன. வேலை நடக்கும் இடத்தில் உத்தரவுகளை எழுதி வைக்கும் சைட் ஆர்டர் புக்கில் எழுதினேன்: “முட்டுக் கம்புகளுக்கு அடியில் பலகைச் சட்டம் வைத்து ஆப்பு இறுக்கிய பிறகே கான்கிரீட் போட வேண்டும்.” மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கினேன். மறுநாள் காலை டிவிஷன் ஆபீஸில் மீட்டிங் என்று கூப்பிட்டார்கள். போய்விட்டேன். சைட்டில் காத்திருக்காமல் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். பதினோரு மணிக்கு ஒரு வரிசைக் கம்பு மண்ணில் இறங்கியது. இரண்டு பேருக்கு எலும்பு முறிவு. மேலே சட்டி வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்த இருபத்தைந்து வயதுப் பையன் இறந்துபோனான். கைக்குழந்தையோடு மனைவி.

அன்று மாலையே போலீஸ் வந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ, கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். கான்ட்ராக்டர் ஏ1, அதாவது முதல் குற்றம்சாட்டப்பட்டவர், மேஸ்திரி ஏ2, நான் ஏ3. வழக்கின் தலைப்பில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. வாதி அரசு. அவள் வெறும் சாட்சி. ‘குற்றம் என்பது தனிமனிதருக்கு மட்டுமன்றிச் சமூகத்துக்கே இழைக்கப்படுவது’ என்று பேத்தியின் நோட்டில் ஒரு வரி இருக்கிறதே, அதை நடைமுறையில் பார்த்தால் இப்படித்தான் இருக்கும். நான் அரசு ஊழியன், என் மேல் வழக்குப் போட்டதும் அரசு.

முதல் அறை மாஜிஸ்திரேட் கோர்ட். சாட்சிக் கூண்டில் சென்ட்ரிங் தச்சர் ஒருவர் நின்றபோது அரசு வக்கீல் கேட்டார்: “கம்புக்கு அடியில் சட்டம் வைத்தீர்களா?” மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எந்தச் சட்டம் என்று அவருக்கு ஒரு நொடி புரியவில்லை. தச்சர் அமைதியாகச் சொன்னார்: “வைக்கலைங்க. எங்ககிட்ட யாரும் சொல்லலை.” ஜன்னலுக்கு வைக்கும் மரச் சட்டத்துக்கும் கோர்ட்டுச் சட்டத்துக்கும் தமிழில் ஒரே சொல். கல்லூரியில் இதை யாராவது ஒரு பாடத்தின் முதல் வரியாகச் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

எங்கள் வக்கீல் 1964இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பைக் காட்டினார். குர்பான் ஹுசைன் வழக்கு. பெயிண்ட் தயாரிக்கும் இடத்தில் தீப்பிடித்து ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். நடத்தியவர் மேல் 304ஏ. மரணம் அவருடைய செயலின் நேரடி விளைவாக இருக்க வேண்டும், எங்கோ தூரத்தில் ஒரு காரணமாக இருந்தால் போதாது என்று சொல்லி அந்தப் பிரிவிலிருந்து அவரை விடுவித்தார்கள். வேறு பிரிவில் தண்டனை இருந்தது. எங்கள் வழக்கிலும் மறுநாள் வேலையை ஆரம்பிக்கச் சொன்னது யார் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பால் நிரூபிக்க முடியவில்லை. மூன்று பேரும் 2003இல் விடுதலை. என்னைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு சைட் ஆர்டர் புக்கில் இருந்த அந்த ஒரு வரிக்கு உண்டு. அதே வரி இன்னொரு அறையில் என்ன செய்தது என்று அப்புறம் சொல்கிறேன்.

இரண்டாவது அறை தொழிலாளர் துணை ஆணையருடையது. அப்போது நடைமுறையில் இருந்தது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அங்கே போகும்போது என் பையில் கத்தை கத்தையாகக் காகிதம், யார் மேல் தப்பு என்று விளக்குவதற்கு. அவர் எதையும் பார்க்கவில்லை. வேலை செய்யும்போது வேலையின் காரணமாக இறந்தானா? ஆம். கூலி என்ன? வயது என்ன? அவ்வளவுதான் கேள்வி. மாதக் கூலி 1,800 ரூபாய் என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் பாதி 900. அட்டவணையில் 25 வயதுக்கு எதிரே 216.91 என்று ஓர் எண். பெருக்கினால் 1,95,219 ரூபாய். ஐ.எஸ். கோடு, அதாவது பொறியாளர்களுக்கான இந்திய தர நிர்ணயப் புத்தகம், அதன் அட்டவணையில் பீமின் தாங்குதிறன் பார்க்கிற மாதிரி ஒரு மனிதனைப் பார்த்தார்களே என்று அன்று எனக்குக் கோபம். இப்போது யோசித்தால், அந்த அட்டவணை இருந்ததால்தான் அந்தப் பெண் யாருடைய தப்பையும் நிரூபிக்காமல் பணம் வாங்க முடிந்தது.

இன்னொன்று. சாவு வீட்டிலேயே கான்ட்ராக்டர் இருபதாயிரம் ரூபாய் கொடுத்து, ‘இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்று பத்திரத்தில் அவளிடம் கைநாட்டு வாங்கியிருந்தார். இரு தரப்பும் சம்மதித்து எழுதிய ஒப்பந்தம் என்று அவர் தரப்பு வாதம். அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்றது. மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், கையில் கொடுத்தது கணக்கில் வராது என்றதும் அதே சட்டம்தான். அப்புறம் 12ஆம் பிரிவு: வேலையைக் கொடுத்தவர் முதலில் கட்டிவிட்டு, பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். துறை கட்டியது. கான்ட்ராக்டரின் பில்லில் பிடித்தது.

அதில் வந்தது மூன்றாவது அறை, சப் கோர்ட். கான்ட்ராக்டர் துறை மேல் வழக்குப் போட்டார். அரசு மேல் வழக்கு என்றால் முதலில் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தார். தாமதத்துக்காக நாங்கள் போட்ட அபராதம் செல்லாது என்றார். பேஸ்மென்டை ஓர் அடி உயர்த்தச் சொல்லி மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னதால் கூடுதல் மண்ணும் படிக்கட்டும் போட்டேன், அதற்குப் பணம் வேண்டும் என்றார்.

அரசு வக்கீல் அரசமைப்புச் சட்டத்தின் 299ஆம் கூற்றைக் கையில் எடுத்தார். மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநர் பெயரில், அதிகாரம் பெற்றவர் கையெழுத்தில்தான் இருக்க வேண்டும். வாய்மொழி உத்தரவு ஒப்பந்தமே இல்லை. கேட்டதும் எனக்கு உள்ளூர நிம்மதி, வெளியே வெட்கம். ஏனென்றால் அந்த உத்தரவை அவர் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். கான்ட்ராக்டரின் வக்கீல் வயதானவர், அசரவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 70. இலவசமாகச் செய்கிற எண்ணமில்லாமல் ஒருவர் இன்னொருவருக்குச் செய்து கொடுத்து, அவர் அதன் பயனை அனுபவித்தால் ஈடு கொடுக்க வேண்டும். மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அதிகாரிகள் சொல்லி ஒரு கான்ட்ராக்டர் சேமிப்புக் கிடங்கும் பாதையும் கட்டினார், ஒப்பந்தம் முறைப்படி இல்லை, ஆனாலும் அரசு பயன்படுத்திக்கொண்டதால் பணம் கொடு என்றது நீதிமன்றம். படிக்கட்டில் தினமும் ஏறி இறங்குகிறீர்களே என்று எங்களைக் கேட்டார். படிக்கட்டுக்குப் பணம் கிடைத்தது. அபராதம் பற்றிப் பிரிவு 74: ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் அது உச்சவரம்புதான், நியாயமான ஈடுதான் கிடைக்கும். நாங்கள் போட்ட தொகையில் பாதியைக் குறைத்துவிட்டார்கள்.

இந்த வழக்கில் யாரும் ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ என்று பேசவில்லை. எந்தப் பக்கம் தராசு கொஞ்சம் தாழ்கிறது என்று பார்த்தார்கள், முடித்தார்கள். ஜெயிலும் கிடையாது. பணம் மட்டும்தான்.

நான்காவது அறைதான் எனக்கு வலித்தது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு விளக்கவே வேண்டாம்: 17பி. மற்றவர்களுக்கு: துறை ஒழுங்கு விசாரணைக்கான விதி அது. குற்றச்சாட்டு, என் விளக்கம், விசாரணை அதிகாரி. இங்கே அதே சைட் ஆர்டர் புக்கின் அதே வரியைப் படித்துக் காட்டிக் கேட்டார்கள்: “ஆபத்து இருக்கிறது என்று முதல் நாளே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எழுதி வைத்திருக்கிறீர்கள். மறுநாள் காலை சைட்டுக்குப் போகாமல் மீட்டிங்குக்கு ஏன் போனீர்கள்? ஒரு போன் செய்தீர்களா?” செய்யவில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எனக்குக் கவசமாக இருந்த வரி இங்கே என் மேல் பாய்ந்தது. ஓராண்டு இன்கிரிமெண்ட் நிறுத்தம். கிரிமினல் கேஸில் விடுதலையான பிறகு அதைக் காட்டி ரத்து செய்யச் சொல்லி மனு போட்டேன். அங்கே கேட்ட கேள்வி வேறு, நிரூபணத்தின் அளவும் வேறு என்று பதில் வந்தது. ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 20ஆம் கூற்று சொல்கிறதே என்று நண்பர்கள் உசுப்பேற்றினார்கள். துறை விசாரணை குற்ற வழக்கு ஆகாது என்று ஒரு ஜூனியர் வக்கீல் ஐந்து நிமிடத்தில் புரியவைத்துவிட்டு, ஃபீஸ்கூட வாங்காமல் அனுப்பினார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பேத்தியிடம் நோட்டைத் திறக்கச் சொன்னேன். ஒரு போர்ட்டிகோ. குற்றவியல் அங்கே போயிற்று, தொழிலாளர் சட்டம் இங்கே, ஒப்பந்தச் சட்டம் சப் கோர்ட்டில், நிர்வாகச் சட்டம் ஆபீஸில், நான்குக்கும் மேலே அரசமைப்புச் சட்டம். பென்சிலால் அவளே கோடு போட்டுக்கொண்டாள். என்ன உரிமை என்று சொல்வது உரிமைச் சட்டம், அதை எப்படி, எப்போது கேட்க வேண்டும் என்று சொல்வது நடைமுறைச் சட்டம் என்று நோட்டில் இருந்த பிரிவுக்கு மட்டும் வேறு கதை சொல்ல வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு சின்ன கான்ட்ராக்டர் ஒரு சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்தார். “அடுத்த பட்ஜெட்ல வந்துடும்” என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நல்ல மனிதர், நம்பினார். மூன்று வருடம் நான்கு மாதம் கழித்துக் கோர்ட்டுக்குப் போனார். காலவரையறைச் சட்டம் 1963இன்படி மூன்று வருடம்தான். வேலை செய்தது உண்மை, பணம் வரவேண்டியது உண்மை, வழக்கு தள்ளுபடி. சுவர் இன்னும் நிற்கிறது. நடைமுறைச் சட்டம் என்றால் என்ன என்று கேட்டால் அந்தச் சுவரைக் காட்டுவேன்.

சர்வதேசச் சட்டம் என் முப்பது வருட வேலையில் ஒருநாளும் குறுக்கே வரவில்லை. கப்பல் கட்டப் போகிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தனியார் கல்லூரியில் ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டார்கள். ஒரு மாணவன் எழுந்து, “ஐ.எஸ். கோடு சட்டமா சார்?” என்று கேட்டான். அந்த ஒரு மணி நேரத்தில் வந்த நல்ல கேள்வி அது ஒன்றுதான். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றுவது சட்டம். அதன் கீழே அரசு போடுவது விதி. உதாரணமாக, 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம், அதன் கீழே 2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். ஐ.எஸ். 456, அதாவது கான்கிரீட் வேலைக்கான கோடு, தர நிர்ணய அமைப்பு வெளியிடுவது. தனியாக நின்றால் அது சட்டம் ஆகாது. ஆனால் டெண்டரில் ‘ஐ.எஸ். 456இன்படி’ என்று ஒரு வரி வந்தால் ஒப்பந்தத்தின் பகுதி ஆகிவிடுகிறது. விதி அதைச் சொன்னால் விதியின் பலம் அதற்கும் வந்துவிடுகிறது. இரண்டுமே இல்லாவிட்டாலும், விபத்து நடந்த பிறகு, திறமையான பொறியாளர் என்ன செய்திருப்பார் என்று கோர்ட் கேட்கும்போது அந்தப் புத்தகத்தைத்தான் நிபுணர் சாட்சி எடுத்து வைப்பார். எங்கள் வழக்கில் 1978 பதிப்பை எடுத்து வைத்தார்கள். முட்டுச் சாரத்துக்கென்றே ஐ.எஸ். 14687 என்று ஒரு வழிகாட்டி வந்தது 1999இல், எங்கள் போர்ட்டிகோ விழுந்து இரண்டு வருடம் கழித்து.

நத்தை விழுந்த ஜிஞ்சர் பீர் பாட்டில் கதையைச் சொல்லித்தான் எல்லாக் கல்லூரியிலும் தீங்கியல் சட்டத்தை, அதாவது ஒருவர் செயலால் இன்னொருவருக்கு நேரும் தீங்குக்கு ஈடு கேட்கும் சட்டத்தை, ஆரம்பிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு ரைலண்ட்ஸ் வழக்கைச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் லங்காஷயரில் ஒரு மில் முதலாளி தண்ணீருக்கு ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். இன்ஜினியரையும் கான்ட்ராக்டரையும் வைத்துத்தான் கட்டினார். அடியில் பழைய சுரங்கத் துவாரங்கள் இருந்தன, சரியாக அடைக்கவில்லை. தண்ணீர் நிரம்பியதும் உடைத்துக்கொண்டு பக்கத்துச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. முதலாளி மேல் தனியாக ஒரு கவனக்குறைவும் இல்லை. ஆனாலும் ஆபத்தானதைக் கொண்டுவந்து தேக்கியவன் அது தப்பினால் பொறுப்பு என்றது 1868ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 1984 டிசம்பரில் போபால். சரியாக ஒரு வருடத்தில் டெல்லியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பகவதியின் அமர்வு, அந்த ஆங்கிலேயத் தீர்ப்பில் இருந்த விதிவிலக்குகள்கூட ஆபத்தான தொழில் நடத்துகிறவர்களுக்குக் கிடையாது, முழுப் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. இதற்கு நாடாளுமன்றம் இயற்றிய பிரிவு எண் எதுவும் அன்று இல்லை. தீர்ப்பே சட்டம். உச்ச நீதிமன்றம் சொல்லும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிற அரசமைப்பின் 141ஆம் கூற்று எதற்கு இருக்கிறது என்று அங்கேதான் புரியும்.

கம்ப்யூட்டர் பிரிவுப் பிள்ளைகள் இதெல்லாம் மண்ணும் சிமெண்ட்டும் என்று நினைக்க வேண்டாம். வேலையில் சேரும் முதல் நாளே நீங்கள் கையெழுத்துப் போடுவது ஒரு சட்டப் பத்திரத்தில்தான். பாண்டு. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு வருட பாண்டு எழுதிக் கொடுத்துவிட்டு எட்டு மாதத்தில் வெளியே வர நினைத்தான். “பாண்டெல்லாம் கோர்ட்ல செல்லாது மாமா, எல்லாரும் சொல்றாங்க” என்றான். ‘எல்லாரும்’ என்றால் அவன் ஹாஸ்டல் நண்பர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 27 தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது, உண்மைதான். வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்பது பொதுவாக அதில் அடிபட்டுப்போகும். வேலையில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனை வேறு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒரு பொதுத்துறை வங்கி மூன்று வருடத்துக்கு முன் விலகும் அதிகாரியிடம் இரண்டு லட்சம் ரூபாய் வசூலிக்கும் நிபந்தனை செல்லும் என்று சொல்லியிருக்கிறது. அங்கே பேசப்பட்டது அதே பிரிவு 27. பாண்டில் எழுதிய தொகையில் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு வருவது பிரிவு 74. எங்கள் படிக்கட்டு வழக்கில் வந்த அதே 74தான்.

இப்போது ஒரு குறை சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1ஆம் தேதி முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பேத்தியின் நோட்டில் இன்னும் 304ஏதான் இருக்கிறது, இரண்டு வருடத் தண்டனையோடு. இப்போது அது 106(1), ஐந்து வருடம் வரை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை அளிக்கும்போது நடந்தால் மட்டும் இரண்டு வருடம் என்று அதே பிரிவில் தனியாக எழுதியிருக்கிறார்கள். பொறியாளருக்கு அந்தச் சலுகை இல்லை. வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சென்னை அருகே மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினோரு மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் செத்த பிறகு அப்படிக் கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் மருத்துவருக்குத் தேசிய மருத்துவ ஆணையம், வக்கீலுக்கு 1961 சட்டம், கட்டடக் கலைஞருக்கு 1972 சட்டம் எல்லாம் இருக்க, பொறியாளர்களுக்கென்று நாடு முழுவதற்கும் ஒரு பதிவுச் சட்டம் இல்லை. ஐந்து வருடம் ஜெயில் என்கிற வரி மாறியதுகூடத் தெரியாமல் பிள்ளைகள் இறுதியாண்டு முடித்து சைட்டுக்கு வருகிறார்கள். வினாத்தாள் எடுக்கிறவர்கள் நோட்டையாவது புதுப்பிக்க வேண்டும்.

தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சில் (ஏ.ஐ.சி.டி.இ.) 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் இந்திய அரசமைப்பைக் கட்டாயப் பாடமாக வைத்தது, கிரெடிட் இல்லாமல். கிரெடிட் இல்லாத பாடத்தை நம் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தை வீணாக்காமல் வேறு மாதிரி செலவிடலாம். ஒரு டெண்டர் ஆவணத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வகுப்பில் படியுங்கள். செய்த வேலையின் அளவுகளை எழுதும் எம்.புக் ஒன்றைக் கையில் கொடுங்கள். அதில் எழுதியதை ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது, கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் திருத்தம் எழுதி இனிஷியல் போட வேண்டும், பக்கத்தைக் கிழிக்கக் கூடாது என்பதெல்லாம் எதற்கு என்று கேளுங்கள். அது கோர்ட்டுக்குப் போகக்கூடிய புத்தகம். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை மறுபடி குடவோலையில் எழுதக் கூடாது, அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் கூடாது. எம்.புக்குக்குப் பாட்டன் அது. ஏரி வேலை பார்க்கப் போகும் பிள்ளை இதைப் பரீட்சைக்காக அல்ல, காஞ்சிபுரம் பக்கம் போகும்போது இறங்கிப் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஒருநாள் கோர்ட்டுக்கு அழைத்துப் போங்கள். பெரும்பாலான விசாரணைகள் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன, யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் உட்காரலாம். செல்போனை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். முதல் பத்து நிமிடம் எதுவும் புரியாது. மின்விசிறி சத்தத்தில் நீதிபதி சொல்வது காதில் விழாது. கொஞ்சம் பொறுத்தால், எல்லாச் சண்டையும் ஒரு காகிதத்தைச் சுற்றி நடக்கிறது என்பது தெரிய வரும்.

கடைசியாக, நான் வெட்ட வேண்டாம் என்று சொன்ன பகுதி.

2003இல் விடுதலைத் தீர்ப்பு வந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். அந்தப் பையனின் மனைவி எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். கூடவே ஆறு வயதுப் பெண் குழந்தை, பள்ளிச் சீருடையில். வராந்தாவிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த தபால் ஆபீஸ் பாஸ்புக்கை எடுத்து நீட்டினாள். அவள் பங்குக்கு வந்த பணத்தில் மிச்சம் இருந்தது அதில் இருந்தது.

“கோர்ட்ல யாரு மேலயும் தப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்களாம் சார். அப்ப இந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டணுமா?”

யாரோ டீக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். அது வேற கோர்ட்டும்மா, இது வேற ஆபீஸு, அங்க கேட்ட கேள்வி வேற, இந்தப் பணத்தை யாரும் தொட முடியாது என்று எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். தலையாட்டிவிட்டுப் பாஸ்புக்கை மறுபடி முடிந்துகொண்டாள். படியில் இறங்கப் போனவள் திரும்பிக் கேட்டாள்:

“தப்பு யாரு மேலயும் இல்லைன்னே எழுதிட்டாங்களா சார்?”

நான் ஏ3 என்பது அவளுக்குத் தெரியும். சாட்சிக் கூண்டில் நின்றபோது எதிரே என்னைப் பார்த்தவள்தான். குழந்தைக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அவளே போய்விட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி செயற்பொறியாளர்,
ஸ்ரீரங்கம்.